வேன் கண்ணாடியில் ஒட்டிய சொல்

சேரப்பணஞ்சேரி,
ஜூன் 22, ஞாயிறு.

அன்புள்ள சத்யா சித்திக்கு,

இசைவாணி எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான், அப்பாவின் வேன் ஆகிய நால்வரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் மிச்சிகனில் நன்றாக இருப்பீர்கள். இப்போது அங்கே கோடைக்காலம் என்று புவியியல் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். அதனால் ஸ்வெட்டர் பற்றி அம்மா சொல்லச் சொன்னதை எழுதவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். போனில் எது கேட்டாலும் அக்கா "நல்லாத்தான் கீறோம், நீ சாப்ட்டியா" என்கிறாள், நீயாவது உண்மையை எழுது என்று கேட்டீர்கள் அல்லவா? அம்மா மறைப்பதையும் எழுதுவேன், அப்பா கூட்டிச் சொல்வதைக் குறைத்தும் எழுதுவேன். தாளில் எழுதி அப்பா போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் விரலால் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் உண்மை: போன ஞாயிறு நீங்கள் பேசிய பிறகு அம்மா சாப்பிடவில்லை.

நீங்கள் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். "அக்கா, நான் இங்க யூனியன்ல சேந்துட்டேன். காருக்கு அவங்கதான் லோன் குடுத்தாங்க." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பாய்ந்து வந்து ஸ்பீக்கரை அணைத்தார். வாசல் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். நீங்கள் காரின் நிறத்தை விவரித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா காதில் அது விழவே இல்லை. போனை வைத்ததும் அப்பாவிடம், "இன்னாங்க இவ, கம்பெனி அனுப்பிச்சு போனவ, போன எடத்துல யூனியன்ல சேந்துகினு நிக்கிறா! நாளைக்கே டிக்கெட்ட கையில குடுத்து திருப்பி அனுப்ப மாட்டானுங்க?" என்றார். அப்பா, "கார் குடுத்து அனுப்புவானுங்களா?" என்று கேட்டுத் திட்டு வாங்கினார்.

இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதை நீங்கள் அங்கே போன ஐந்து மாதத்தில் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் டீக்கடையில்கூட அதைச் சொல்வதில்லை. "அந்த விஷயம்" என்பார்கள். எங்கோ ஒரு கம்பெனியில் "அந்த விஷயத்துக்கு"ப் பெயர் கொடுத்தவர்களின் அட்டை மறுநாள் கேட்டில் வேலை செய்யவில்லை என்று அம்மா என்னிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அம்மா என்னை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அழைத்துப்போனார். கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, என் தங்கச்சிய அதுலேந்து வெளிய கொண்டாந்துடுப்பா" என்று வேண்டினார். பக்கத்தில் நின்றதால் கேட்டது.

மறுநாள் நான் பள்ளிக் கணினி அறையில் தேடினேன். நீங்கள் சேர்ந்திருப்பது கிரெடிட் யூனியன். பணம் போடுகிறவர்களே முதலாளிகளாக இருக்கும் ஒருவகை பேங்க். நம் ஊரில் அதையே கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்கிறார்கள். இதை வீட்டில் சொன்னேன். அம்மா, "அப்ப கொடி, கோரிக்கை, கேட் மீட்டிங் ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டார். கிடையாது என்றேன். "அப்பறம் எதுக்குடி யூனியன்னு பேர் வச்சானுங்க? ஊர்ல வேற பேரே கெடைக்கலியா?"

இதற்குப் பதில் நீங்கள்தான் எழுத வேண்டும். இதை முதலில் தொடங்கியது யார், யார் யார் சேரலாம், யாருக்குக் கடன் என்று முடிவு செய்வது யார் என்பதையும் எழுதுங்கள். அந்த வேண்டுதலை எப்படித் திரும்பப் பெறுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. முருகனே புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டோம். எதற்கும் நீங்கள் தவணையை ஒழுங்காகக் கட்டிவிடுங்கள்.

உங்கள் அக்கா மகள்,
இசைவாணி, ஒன்பதாம் வகுப்பு.


சேரப்பணஞ்சேரி,
ஜூலை 6, ஞாயிறு.

அன்புள்ள சித்திக்கு,

ஆறு பக்கம் எழுதியதற்கு நன்றி. அதை நான் மட்டும் படிக்கவில்லை. பதினான்கு பேர் கேட்டார்கள்.

நடந்தது இதுதான். காலையில் அப்பா வேன் படப்பையில் கிளம்பி, வழியில் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கடைசியாக நம் தெருமுனையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வல்லம் வடகால் கம்பெனிகளுக்குப் போகிறது. நான் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரகடத்தில் பள்ளிக்கு இறங்கிவிடுவேன். பாட்டு போடும் பென் டிரைவ் திங்கட்கிழமை உயிரை விட்டது. பாட்டில்லாமல் வேன் சவ ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்று பாப்பம்மாள் அக்கா கத்தினார். அம்மாவின் கம்பெனி கேன்டீனில் வேலை செய்பவர் அவர், வேனில் ஹாரனுக்கு அடுத்தபடி சத்தம் அவருடையதுதான். "பாட்டு இல்லன்னா இன்னா, ஒங்க சித்தி லெட்டராவது படி, அமெரிக்கால இன்னா வெலவாசின்னு கேப்போம்" என்றார். உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. படித்தேன். அதிலிருந்து தினமும் கொஞ்சம்.

நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே பேங்குகள் வியாபாரிகளைத்தான் உள்ளே விட்டன, மில்லில் வேலை செய்கிறவர்கள் அவசரத்துக்கு வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேயே வேன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற நெசவாலை ஊர், கனடாவிலிருந்து பிழைக்க வந்த பிரெஞ்சு பேசும் ஜனங்கள், 1908-ல் அவர்களுடைய கோயில் பாதிரியார் கனடாவிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவரை வரவழைத்தது, ஒரு வக்கீல் வீட்டு அறையிலேயே முதல் சங்கத்தைத் திறந்தது எல்லாம் படித்தேன். "பாஷை தெரியாத ஊர்ல போயி, மில்லுலயும் வேல செஞ்சிகினு, பேங்கும் வச்சாங்களா! கெட்டிக்காரிங்கதான்" என்றார் பாப்பம்மாள் அக்கா. ஆண்களும் இருந்தார்கள் என்றேன். "இருப்பானுங்க, கூட்டத்துக்கு" என்றார்.

அடுத்து பாஸ்டன் கடை முதலாளி. அவர் 1907-ல் உலகம் சுற்ற வந்து, இந்தியாவில் கிராமத்துக் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டுப் போய், அங்கே சட்டம் வர உதவினார் என்று எழுதியிருந்தீர்கள். சித்தி, இதை நானும் தேடிப் பார்த்தேன். நகரத்துக்கான முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-லேயே பதிவானது நம் காஞ்சிபுரத்தில்! ஆனால் அவர் நம் பக்கம் வந்ததாக எங்கும் போடவில்லை. நான் இவ்வளவுதான் சொன்னேன். அன்று சாயங்காலமே அப்பா டீக்கடையில், அமெரிக்காக்காரர் காஞ்சிபுரம் வந்து சங்கத்தைப் பார்த்து, மனைவிக்கு இரண்டு பட்டுப் புடவையும் வாங்கிப் போனார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்ப வேண்டாம்.

1930-களில் ஆயிரக்கணக்கான பேங்குகள் இழுத்து மூடியபோது நாடு முழுமைக்கும் சட்டம் வந்ததும், ஆலைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, தபால் ஆபீசுக்கு ஒன்று என்று இவை பெருகியதும் எல்லோருக்கும் பிடித்தது. உங்களுடையது ஒரு கார் உதிரிபாக ஆலையில், ஒருவருடைய டூல்ஸ் பெட்டிக்குள் பணம் போட்டுவைத்துத் தொடங்கியது என்பதை மறுபடி படிக்கச் சொன்னார்கள். சின்னச் சின்னவை ஒன்றோடொன்று இணைந்து இன்றைக்குச் சங்கங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டாலும் பதினான்கு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள் என்றதும், அப்பா பிரேக் போட்டுவிட்டார். குறுக்கே மாடு வந்ததாகச் சொன்னார். மாடு இல்லை.

ஆனால் அம்மா வாயைத் திறந்தது வேறு இடத்தில். ஒரு மாநிலத்து பேங்க் அடுத்த மாநிலத்தில் கிளை வைக்கக் கூடாது என்று அங்கே முன்பு சட்டம் இருந்தது, அதனால் ஊருக்கு ஊர் தனி பேங்க் இருந்தது, சட்டம் தளரத் தளர ஒன்றை ஒன்று விழுங்கி நாலைந்து மாநிலம் பரவிய வட்டார பேங்குகள் ஆயின என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வாடகை வீட்டின் உரிமையாளர் ஒரே பேங்கில்தான் கணக்கு வைத்திருக்கிறார், போர்டு மட்டும் நான்கு முறை மாறியது என்பதைப் படித்ததும் அம்மா, "என் அட்டையும் அப்பிடித்தானே" என்றார். பதினோரு வருடத்தில் அட்டையில் கான்ட்ராக்ட் கம்பெனியின் பெயர் நான்கு தடவை மாறிவிட்டதாம். உட்காரும் ஸ்டூல் மாறவில்லையாம். சிலர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். மற்றவர்களுடைய அட்டையும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு முக்கியமான பக்கம் வந்தது. அதில் சேர்கிறவர்களுக்குள் ஏதாவது ஒரு பொதுவான கட்டு வேண்டும், ஒரே ஆலை, ஒரே கோயில், ஒரே ஊர் என்று. நம்மில் யாருக்கு எது பொது என்று வேனில் பெரிய வாக்குவாதம். ஒரே கம்பெனி இல்லை, சிலர் பக்கத்து கம்பெனி. ஒரே ஊரும் இல்லை. நிலா அக்கா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிறார். ஊர் பேர் தெரியாத பெண் என்று இங்கே எந்த ஏலச்சீட்டிலும் அவரைச் சேர்த்ததில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது பாப்பம்மாள் அக்கா, "எல்லாரும் ஒரே வேன்லதான முட்டிகினு போறோம்? அதான் கட்டு! இந்த வேன்ல ஏர்றவ எல்லாம் நம்ம ஆளு. தீந்துது" என்றார். தீர்ந்தேவிட்டது. நிலா அக்கா ஒரகடம் வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

சுருக்கமாக, எங்கள் வேனிலும் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். பதிவு செய்ய இன்னும் நிறையப் பேர் வேண்டும், அதுவரை ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பழகிக்கொள்கிறார்களாம். ஒருவருக்கு ஒரே ஓட்டு. அம்மாதான் பொருளாளர், கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் "வேன் கிரெடிட் யூனியன்". அந்தக் கடைசிச் சொல்லுக்கு அம்மா தயங்கினார். பாப்பம்மாள் அக்கா விடவில்லை. "பயப்படாத சசி. அதான் முன்னாடி கிரெடிட்டுன்னு காவலுக்கு நிக்கிதே!"

ஒரகடத்தில் இறங்கும்போது அம்மா எனக்குக் கையசைத்தார். இதுவரை வேனில் அப்படிச் செய்ததில்லை.

அன்புடன்,
இசைவாணி.


சேரப்பணஞ்சேரி,
ஜூலை 16, புதன்.

அன்புள்ள சித்திக்கு,

இன்று புதன்கிழமை. நான் பள்ளி விட்டு வரும்போதே அம்மா வீட்டில் இருக்கிறார். நேற்றும் இருந்தார். நேற்று இரவு போனில் உங்களிடம் "லீவு போட்டேன், தலவலி" என்றது பொய். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

அப்பாதான் காரணம். ஆனால் அப்பாவைத் திட்டாதீர்கள், அம்மா ஏற்கெனவே போதுமான அளவு திட்டிவிட்டார். பெருமை தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை படப்பையில் ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போய், வேனின் பின் கண்ணாடியில் சங்கத்தின் பெயரை ஒட்டலாம் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் எழுத்துக் கணக்கில் காசு சொன்னாராம். சிக்கனச் சங்கம்தானே என்று அப்பாவும் சிக்கனம் பார்த்து, நடுவிலிருந்த "கிரெடிட்"டை எடுத்துவிட்டார். அது ஆங்கிலச் சொல், யாருக்கும் புரியாது, அதனால் நஷ்டமில்லை என்று நினைத்தாராம்.

ஆகவே திங்கட்கிழமை காலை எங்கள் வேன், பின்னால் சிவப்பு ரேடியத்தில் "வேன் யூனியன்" என்று மின்னிக்கொண்டு வல்லம் வடகாலில் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தது. பின்னால் வந்த எல்லா வண்டிகளும் அதைப் படித்திருக்கும்.

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பா அங்கேயே நகத்தால் சுரண்டினாராம். ரேடியம் சுலபத்தில் வராது. "வேன்" மட்டும் வந்துவிட்டது. மீதியிருந்த "யூனியன்" என்பதை மேலதிகாரிகள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் இசக்கிதுரை அங்கிள் அம்மா வேலை செய்யும் வயரிங் லைனுக்கு வந்திருக்கிறார். அவர் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரர், யாருக்கு வேலை யாருக்கு இல்லை என்று சொல்வது அவர்தான். பொருளாளர் யார் என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தாராம். "சசிரேகா மேடம், ரெண்டு நாள் வீட்ல இருங்க. பொறவு பாத்துக்கிடுவோம்" என்றார். அம்மா காரணம் கேட்டதற்கு, "நான் ஒண்ணுஞ் சொல்லல, மேல சொல்லுதாவ" என்றாராம். இந்த ஊரில் "ரெண்டு நாள்" என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பலருக்கு அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

அம்மா அழவில்லை. வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்தையும் இறக்கித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மின்விசிறி இறக்கைகளையும் துடைத்துவிட்டார். நான், "கிரெடிட் யூனியன் வேறு, அந்த விஷயம் வேறு என்று எழுதிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "யார்கிட்ட குடுப்ப? படிக்கிறவங்களா இருந்தா, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாங்களா?" என்றார். பிறகு வெகு நேரம் கழித்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "பதினோரு வருசம் வாயத் தொறக்காம இருந்தேன். தொறந்தது ஒரு தடவ. அதுவும் சீட்டு பேச" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அடுப்பிடம் சொன்னார்.

இனி வேனில் யாரும் எதுவும் படிக்க வேண்டாம், போட்ட பணத்தை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா நேற்று சாயங்காலம் வேனில் அதைச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்களாம். பாப்பம்மாள் அக்கா உட்பட.

சித்தி, நீங்கள் உடனே போன் செய்ய வேண்டாம். அம்மா மறுபடி பொய் சொல்ல வேண்டியிருக்கும். எழுதுங்கள், போதும்.

இசைவாணி.


சேரப்பணஞ்சேரி,
ஜூலை 27, ஞாயிறு.

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் நான்கு குறுஞ்செய்திகளும் வந்தன. பயப்பட ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து அதனால்தான் கோணல்.

போன கடிதம் எழுதிய மறுநாள் வியாழக்கிழமை. நான் சீருடை போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் புறப்பட்டேன். ஆனால் வேன் தெருமுனையில் நிற்காமல் நம் வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தால், ஓட்டியது அவரே இல்லை போல இருந்தது. பின்னால் எல்லோரும் இருந்தார்கள். பாப்பம்மாள் அக்கா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "சசீ! டிபன் கட்டிகினு வா, டைம் ஆவுது!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

அம்மா கதவுக்கு உள்ளேயிருந்தே, "நான் வரல. ஒங்க பொழப்பையும் கெடுத்துக்காதீங்க. போங்க" என்றார்.

"நீ வராம இந்த வண்டி நவுராது" என்றார் பாப்பம்மாள் அக்கா. "நாங்க எறங்கவும் மாட்டோம், போவவும் மாட்டோம். குந்திகினு இருக்கோம்."

நிலா அக்கா மடியில் துண்டை விரித்தார். டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் திறந்தார்கள். நிலா அக்காவின் லெமன் சாதத்தைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கினார்கள்.

அப்பா எஞ்சினை அணைத்தார். சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பாப்பா, இத நீ வச்சிக்க. யாராவது கேட்டா சாவி என்னாண்ட இல்லன்னு நான் சத்தியமா சொல்லலாம்" என்றார். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் அம்மாவின் வயரிங் லைனில் ஒருவர் கை விட்டதை அடுத்தவர் எடுப்பவர்கள். இத்தனை ஸ்டூல் காலியாக இருந்தால் லைன் ஓடாது. அப்பாவின் போன் விடாமல் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இசக்கிதுரை அங்கிளே பைக்கில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

"என்னவே நடேசன் அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வானத்தைப் பார்த்தபடி, "சாவி என்னாண்ட இல்லீங்க" என்றார். "பொறவு யார்ட்ட இருக்கு?" அப்பா மறுபடி வானத்தைப் பார்த்தார். அங்கிள் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, சாவியப் பாத்தியா?"

சித்தி, உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று உங்களுக்கு எழுதித்தான் கொடுத்திருந்தேன். பேச்சுக்கும் அது பொருந்துமா என்று யோசிக்க நேரமில்லை. "என்கிட்டதான் இருக்கு அங்கிள். ஆனா தர மாட்டேன்" என்றேன். வேனுக்குள் எல்லோரும் கை தட்டினார்கள். சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தார். என்னைத் தன் பின்னால் தள்ளிவிட்டு அவர் முன்னால் நின்றார். "சின்னப் புள்ளைய இன்னா கேக்குறீங்க? என்னைய கேளுங்க. திங்கக்கெழமையே கேட்டிருந்தா இவ்ளோ தூரம் பெட்ரோல் போட்டுகினு வந்திருக்க வேணாம்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை. "சரி மேடம், கேக்கேன். ஒங்க கோரிக்கை என்ன?"

"கோரிக்கையே கெடையாது" என்றார் அம்மா. "எங்களுக்கு நாங்களே கடன் குடுத்துக்குறோம். ஒருத்திக்கு ஆஸ்பத்திரி செலவுன்னா ஒம்பது பேர்கிட்ட கை நீட்டாம இருக்க. அவ்ளோதான். யூனியன்னா எல்லாம் அந்த விஷயம் ஆயிடுமா? என் தங்கச்சிக்கு அமெரிக்கால இதுலதான் கார் வாங்க லோன் குடுத்தாங்க."

"இவ்வளவுதானா?" என்றார் அவர். நிஜமாகவே அவர் தோள் கீழே இறங்கியதைப் பார்த்தேன். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? மேல என்னப் போட்டு வறுக்காவ. எனக்கும் கான்ட்ராக்ட் அட்டைதான் மேடம், ஒங்களுக்கு மட்டுமா? சரி, யூனியன் இல்லன்னு சொல்லிருதேன்."

பாப்பம்மாள் அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருக்கு அது வராது. ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "அது இல்ல, சரி. இப்ப வண்டிய நிறுத்திகினு இத்தினி பேர் குந்திகினு கீறமே, இதுக்கு இன்னாய்யா பேரு?" என்று கேட்டார்.

அம்மா பாப்பம்மாள் அக்காவை முறைத்தார். இசக்கிதுரை அங்கிள் பாப்பம்மாள் அக்காவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "அத நான் கேக்கவே இல்ல" என்றார். "நீங்களும் சொல்லிராதீங்க."

பிறகு போனை எடுத்து மேலே யாரிடமோ, "சார், வண்டிதான் மக்கர் பண்ணிட்டு. சரியாயிட்டு. எல்லாரும் வாராவ. ஆமா சார், சசிரேகா மேடமும்" என்றார். எதிர்ப்பக்கம் என்னவோ நீளமாகப் பேசினார்கள். அவர், "லைன் ஓடணும்லா சார்" என்று ஒரே பதிலை மூன்று முறை சொன்னார். நான் சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். அம்மா டிபன் கட்டவில்லை. ஏறியதும் ஏழெட்டு டப்பாக்கள் அவர் பக்கம் நீண்டன.

பள்ளிக்கு நான் முதல் பாடம் பாதியில் போனேன். காரணம் கேட்டபோது "வண்டி மக்கர்" என்றேன். இந்த ஒன்று மட்டும் பொய்.

இப்போது அம்மா தினமும் போகிறார். அட்டை கேட்டில் வேலை செய்கிறது. லைனில் கொஞ்ச நாளாக ஒரு கண் அவர்மேல் இருப்பதாகச் சொல்கிறார், அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். பணத்தை யாரும் திரும்ப வாங்கவில்லை. பெயர் வைப்பதில்தான் இன்னும் சிக்கல். "யூனியன்" கூடாது என்று ஆகிவிட்டது. "சங்கம்" வைக்கலாம் என்றால் அதுவும் அந்த விஷயம் போலத்தான் கேட்கிறது. ஆகவே இப்போதைக்கு "அது" என்கிறார்கள். "அதுக்குக் குடுத்துட்டியா?", "அதுல கேட்டியா?" என்று பேசிக்கொள்கிறார்கள். நிலா அக்காவின் தம்பிக்குக் கல்லூரியில் சேர முதல் கடன் "அது"விலிருந்துதான் போயிருக்கிறது. ஓட்டெடுப்பில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

இன்னொரு செய்தி. இசக்கிதுரை அங்கிள் போன வெள்ளிக்கிழமை அம்மாவிடம் தனியாக வந்து, "மேடம், என்னையும் சேர்த்துக்கிடுவீயளா?" என்று கேட்டாராம். ஊரில் அவருக்கு ஏதோ வட்டித் தொல்லை. அம்மா கூட்டத்தில் வைத்தார். வேனில் ஏறுகிறவர்கள் மட்டும்தான் என்பது சட்டம், சட்டத்தை ஆளுக்கு ஆள் வளைக்க முடியாது என்று பாப்பம்மாள் அக்கா சொல்லிவிட்டார். அதனால் அவர் திங்கள் முதல் பைக்கை விட்டுவிட்டு நம் தெருமுனையில் வந்து ஏறப்போகிறார். கடைசி சீட்டில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இடம். அவர் இருக்கும்போது கடனைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவாகியிருக்கிறது. மற்றது எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். இன்று மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்த மில்லு ஜனங்க, அந்தக் கார் பார்ட்ஸ் கம்பெனி ஜனங்க, கடன் குடுக்குற யூனியன் மட்டுந்தான் வச்சாங்களா? இல்ல இன்னொண்ணும் வச்சாங்களா? வச்சாங்கன்னா எப்படி வச்சாங்க, மொதல்ல யார் பேசுனாங்க, அவங்கள வேலைய விட்டு எடுத்தாங்களா, திரும்ப சேத்தாங்களா? சத்யாவ கேட்டு எழுது" என்றார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. சாத்தச் சொல்லவில்லை.

ஆகவே சித்தி, அங்கே நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் படித்து, கொஞ்சம் பெரிய எழுத்தில், நிதானமாக எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் சரி. போனில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் வேலை நிலைக்க வேண்டும் என்று அம்மா வல்லக்கோட்டையில் புதிதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை உங்களை எதிலிருந்தும் வெளியே கொண்டுவரச் சொல்லவில்லை.

அன்புடன்,
இசைவாணி.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் நாளை காலை வேன் உண்டு, அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.